சுவர் தரும் சாட்சியம்: நகரக் கட்டடங்களின் சுண்ணாம்புக்கல் பற்றி ஓர் ஆராய்ச்சி

பூமியின் பூர்வ சரித்திரத்தை அறிய விரும்புகிறவன் மலைச்சரிவையும் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் கடலோரச் செங்குத்துப் பாறைகளையும் நாடிப் போகவேண்டும் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயம். அது பொய்யல்ல. ஆனால் லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் கனடாவின் வின்னிபெக்கிலும், வங்கிகளின் வாசற்படிகளிலும் நூதனசாலைகளின் தூண்களிலும் அரசாங்கக் காரியாலயங்களின் முகப்புகளிலும், பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடல்தரைகள் சீராக அறுக்கப்பட்டு, மழையினால் கழுவப்பட்டு, வழிப்போக்கன் எவனும் நின்று பார்க்கத்தக்க உயரத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எரிக் ராபின்சன், தெருக்களில் நடந்தபடியே கட்டடக் கற்களைப் படிப்பதற்கு வழிகாட்டும் நூல்களை 1980களில் வெளியிட்ட பிறகு, இத்தகைய நகர உலா பூகர்ப்ப சாஸ்திரம் பயில்வோரிடையே ஓர் ஒழுங்கான வழக்கமாகவே வேரூன்றிவிட்டது.

இப்படிப் பார்ப்பது இனிய பொழுதுபோக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது சாஸ்திரத்துக்கு உதவும் சாட்சியமாகுமா என்பதே நாம் ஆராயவேண்டிய வினா. குவாரியிலிருந்து பெயர்க்கப்பட்ட கல், எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு கிடந்தது, வடக்கு எது தெற்கு எது என்னும் விவரங்களையெல்லாம் வண்டியில் ஏறும்போதே இழந்துவிடுகிறது. இழந்தவை இவ்வளவு என்றால் எஞ்சியது என்ன? ஆதாரங்களை வரிசையாக நோக்கின், ஒரு கல்லுக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடும் விஷயங்களில் சுவர் மிக நல்ல சாட்சி என்பதும், கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள சம்பந்தத்தில் அது நம்பத்தகாத சாட்சி என்பதும், கல் சிதைவது எப்படி என்னும் ஒரு விஷயத்தில் மட்டும் மலையே தரமுடியாத சாட்சியத்தை அது தருகிறது என்பதும் புலப்படும்.

கல்லின் பிறப்பு

கருங்கல் உருகிய குழம்பு குளிர்ந்து உறைந்ததனால் உண்டாயிற்று. மணற்கல் எங்கோ உடைந்த பாறையின் துகளை ஆறு சுமந்து வந்து கொட்டியதனால் உண்டாயிற்று. சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் தான் கிடந்த இடத்திலேயே பிறந்தது. அதன் முக்கிய பதார்த்தமாகிய கால்ஸியம் கார்பனேட்டைக் கடல்நீரிலிருந்து பிரித்துச் சேர்த்தவை சிப்பியும் நத்தையும் பவளமும் பாசியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுமே ஆதலால், கல்லில் உள்ள ஒவ்வொரு துகளும் அந்தக் கடலின் ஆழம், வெப்பம், அலைவேகம் ஆகியவற்றைப் பற்றி ஏதேனும் ஒரு செய்தியைத் தாங்கி நிற்கிறது.

இந்தச் செய்தியைப் படிக்கும் கலைக்கு அடிகோலியவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி. கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்க்கும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கையாண்ட அவர், 1879-இல் லண்டன் பூகர்ப்பச் சங்கத்தின் தலைவராக நிகழ்த்திய உரையில் சுண்ணாம்புக்கற்களின் அமைப்பையும் தோற்றத்தையும் விரிவாக விளக்கினார். பின்னர் அமெரிக்காவில் ராபர்ட் ஃபோக் 1959-இலும் ராபர்ட் டன்ஹாம் 1962-இலும் வகுத்த பாகுபாடுகள் இன்றும் வழக்கில் உள்ளன. டன்ஹாம் கேட்ட கேள்வி மிக எளியது: துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா, அல்லது சேற்றின் நடுவே மிதக்கின்றனவா? ஒன்றையொன்று தாங்கி, இடையில் சேறே இல்லாமலிருந்தால் அலை அந்தச் சேற்றைக் கழுவிக்கொண்டு போயிருக்கவேண்டும். சேற்றில் மிதந்தால் அது அமைதியான நீரில் படிந்ததாக இருக்கவேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒரு வங்கியின் சுவரருகே நின்றே இந்தக் கேள்விக்கு விடை காணலாம்; சுத்தியலும் திராவகமும் வேண்டியதில்லை, பிறர் கட்டடத்தில் அவற்றைப் பயன்படுத்துவது முறையுமன்று.

போர்ட்லாந்துக் கல்

இவ்வகை ஆராய்ச்சிக்கு மிகச் சிறந்த பாடமாக அமைந்திருப்பது லண்டன் மாநகரத்தின் போர்ட்லாந்துக் கல்லாகும். இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் பிரதேசத்தை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் போர்ட்லாந்துத் தீவில் வெட்டியெடுக்கப்படும் இக்கல், ஜுராசிக் யுகத்தின் கடைசிப் பகுதியில், இன்றைக்கு 15 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்தது. 1666-ஆம் ஆண்டின் பெருந்தீயில் லண்டன் வெந்தழிந்தபின், கிறிஸ்டபர் ரென் 1675 முதல் 1710 வரை எழுப்பிய புனித பவுல் பேராலயத்துக்கு இதையே தேர்ந்தெடுத்தார். கல்லைக் கடல்வழியாகக் கப்பலேற்றித் தேம்ஸ் நதிக்குள் நேரே கொண்டுவர முடிந்தது அத்தேர்வுக்குத் துணைசெய்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் முகப்பும், லட்யன்ஸ் அமைத்து 1920-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னமும் இக்கல்லே.

தூரத்திலிருந்து ஒரே வெண்மையாகத் தோன்றும் இக்கல்லை அருகில் சென்று லென்ஸின் வழியே நோக்கினால், மீன்சினை போல் நெருங்கித் திரண்ட சிறு உருண்டைகள் தென்படும். ஒவ்வோர் உருண்டையும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குறுக்களவுடையது. நடுவில் ஒரு சிப்பித் துணுக்கோ மணற்பரலோ கருவாக அமைய, அதை அலைகள் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டேயிருக்க, ஒன்றன்மேலொன்றாகச் சுண்ணாம்புப் படலங்கள் சுற்றிலும் பூசப்பட்டதனால் இவ்வுருண்டைகள் உண்டாயின. இன்றைக்கும் பஹாமாத் தீவுகளைச் சுற்றியுள்ள மணல்திட்டுகளில் இதே நிகழ்ச்சி நம் கண்முன் நடந்துகொண்டிருப்பதால், லண்டன் சுவரில் காணும் உருண்டை எத்தகைய நீரில் பிறந்தது என்பது ஊகமல்ல, ஒப்புநோக்கி அறியத்தக்க உண்மை.

போர்ட்லாந்துக் குவாரிக்காரர்கள் தங்கள் கல்லை மூன்று அடுக்குகளாகப் பிரித்து வழங்குகிறார்கள். அடியிலுள்ள ‘பேஸ் பெட்’ மிக நேர்த்தியானது, சிப்பிகள் அருகியது, செதுக்கு வேலைக்கு ஏற்றது. அதன் மேலுள்ள ‘விட் பெட்’ சிப்பித் துணுக்குகள் விரவியது. வெயிலையும் மழையையும் தாங்கும் வலிமை மிக்கது. இதில் ஆங்காங்கே சொலெனோபோரா என்னும் செம்பாசியின் கட்டிகளும் காணப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக உள்ள ‘ரோச்’ என்னும் அடுக்கோ துளைகள் நிறைந்தது. பழைய கட்டடக்காரர்கள் முகப்புக்கு ஆகாதென ஒதுக்கி அணைகளுக்கும் அஸ்திவாரங்களுக்கும் அனுப்பிய இந்த ரோச் கல்லை, அலிஸன் ஸ்மித்ஸன், பீட்டர் ஸ்மித்ஸன் என்னும் கட்டடக்கலைத் தம்பதிகள் 1964-இல் முடிவுற்ற எகனாமிஸ்ட் கட்டடத்தின் முகப்புக்கே வேண்டுமென்று பயன்படுத்தினார்கள். செயின்ட் ஜேம்ஸ் தெருவில் நிற்கும் அக்கட்டடத்தைக் காணும் பூகர்ப்ப மாணவனுக்கு அதைவிடச் சிறந்த பாடசாலை லண்டனில் அரிது.

அத்துளைகளின் காரணத்தை ஆராய்வது பயனுடையது. ரோச் கல்லில் திருகாணி வடிவமான வெற்றிடங்கள் எண்ணற்றவை உண்டு. அவை அப்டிக்ஸியெல்லா என்னும் நீண்ட கடல்நத்தையின் சுவடுகள். குவாரித் தொழிலாளர் ‘போர்ட்லாந்துத் திருகு’ என்றழைப்பது, நத்தையின் ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேற்றின் வார்ப்பையே. அவர்கள் ‘குதிரைத்தலை’ என்றழைக்கும் இன்னொன்று டிரிகோனியா இனத்துச் சிப்பியின் உள்வார்ப்பு. ஆனால் அதே கல்லில், அதே சேற்றில், அதே காலத்தில் புதைந்த ஆளிச்சிப்பிகள் மட்டும் வெற்றிடமாகாமல் தம் ஓடுகளோடு அப்படியே நிலைத்திருக்கின்றன. இந்த வேற்றுமைக்குக் காரணம், உயிர்கள் ஒரே கால்ஸியம் கார்பனேட்டை இரண்டு விதமான படிகங்களாக அமைத்துக்கொண்டதாகும். நத்தையும் டிரிகோனியாவும் ஆரகோனைட் என்னும் எளிதில் கரையும் படிகத்தால் ஓடு கட்டின. ஆளிச்சிப்பி கால்ஸைட் என்னும் உறுதியான படிகத்தால் கட்டிற்று. புதைந்தபின் கல்லினூடே ஊறிய நீர் முன்னதைக் கரைத்துவிட்டுப் பின்னதை விட்டுவைத்தது. ஒரு ஜந்து இறந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தபின்னும் அதன் ஓட்டின் ரசாயனம் இத்துணைத் தெளிவாக ஒரு காரியாலயச் சுவரில் பிரத்தியட்சமாவது, ‘ஒரு கல்லுக்குள் முடியும் விஷயத்தில் சுவர் நல்ல சாட்சி’ என்பதற்கு முதல் ஆதாரமாகும்.

போர்ட்லாந்தில் டைட்டனைட்டிஸ் என்னும் பெரிய அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. தீவின் வீட்டுச் சுவர்களில் அவற்றை அலங்காரமாகப் பதிக்கும் வழக்கம் உண்டு. நம் நாட்டு வைணவ இல்லங்களில் பூஜிக்கப்படும் கண்டகி நதியின் சாளக்கிராமத்துக்குள் சக்கரமாகச் சுருண்டிருப்பதும் ஜுராசிக் யுகத்தின் பிற்பகுதியில் வாழ்ந்த அம்மோனைட்டே.

பிற நகரங்களின் கடல்கள்

லண்டனைவிட்டு வேறு நகரங்களை நோக்கினால், ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு யுகத்துக் கடலை முகப்பாக அணிந்திருப்பது தெரியவரும். பாரிஸ் நகரத்தின் நோத்ர தாம் ஆலயமும் லூவ்ர் அரண்மனையும் அமைந்த கல், ஏறக்குறைய நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அந்நகரத்தின் அடியிலேயே குடைந்தெடுக்கப்பட்டது. பாரிஸின் ரோமானியப் பெயராகிய லுட்டேஷியாவைக்கொண்டு அக்காலப் பகுதிக்கு லுட்டேஷியன் என்று 1883-இல் ஆல்பெர் த லப்பராங் பெயரிட்டார். இன்று உலகெங்கும் வழங்குவது அப்பெயரே. அக்கல்லில் அரை மீட்டருக்கும் மேல் நீளமுள்ள காம்பனைல் என்னும் ராட்சத நத்தையும், மிலியோலிட் எனப்படும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் காணப்படுகின்றன. பிரெஞ்சு அறிஞர்கள் குவியேயும் பிரோஞ்ஞியாரும் 1811-இல் வெளியிட்ட பாரிஸ் பிரதேச ஆராய்ச்சி, அடுக்குக்கு அடுக்கு புதைபடிவங்கள் மாறுவதைக் காட்டிப் பூகர்ப்ப சாஸ்திரத்தின் அடிப்படைகளுள் ஒன்றை நிறுவியது. நகரம் கட்டக் கல் தோண்டிய குழிகளும் அவர்களுக்கு ஆதாரமாயின என்பதை நினைக்குங்கால், கட்டடமும் சாஸ்திரமும் ஒரே குழியிலிருந்து வளர்ந்தவை என்று சொல்லத் தோன்றுகிறது.

எகிப்தின் கீஸாப் பிரமிடுகளில் நிறைந்திருக்கும் நம்யுலைட் என்னும் தட்டையான நுண்ணுயிர் ஓடுகளைக் கண்ட பண்டைக் கிரேக்க நூலாசிரியர் ஸ்ட்ராபோ, அவை பிரமிடு கட்டிய தொழிலாளர் உண்டு மிகுந்த பயறு கல்லானது என்று அவ்விடத்தார் கூறியதைப் பதிந்துவைத்தார். கட்டடக் கல்லில் கண்ட உருவத்துக்குக் காரணம் தேடிய முயற்சி எத்துணைப் பழமையானது என்பதற்கு இது சான்று.

அமெரிக்காவின் பெரும் கட்டடங்களுள் பல, இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்ட், புளூமிங்டன் ஊர்களைச் சுற்றி வெட்டியெடுக்கும் சேலம் சுண்ணாம்புக்கல்லால் அமைந்தவை. 1931-இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் போர்வை அதுவே. ஏறக்குறைய 34 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கல்லில் வலைப்பின்னலாகத் தோன்றும் பிரையோசோவாக்களின் துண்டுகளும், கடல்லில்லி எனப்படும் கிரினாய்டுகளின் தண்டு வளையங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரே குவாரியில் வெளிர்மஞ்சளும் சாம்பலுமாக இரு நிறக் கல் கிடைப்பதற்குக் காரணம், நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலிருந்த பகுதியில் காற்றின் பிராணவாயு பட்டு இரும்பு துருவேறியதும், கீழிருந்த பகுதியில் அது நிகழாததுமேயாம்.

வின்னிபெக் நகரத்தின் டின்டால் கல்லோ முற்றிலும் வேறான காட்சி. கார்ஸன் என்னும் ஊரில் எடுக்கப்பட்டு, 1920-இல் திறக்கப்பட்ட மனிடோபா சட்டசபை மாளிகையை அலங்கரிக்கும் இக்கல், ஏறக்குறைய 45 கோடி ஆண்டு முதுமையுடையது. வெண்மஞ்சள் தரையில் பழுப்பு நிறக் கிளைகள் ஓடும் அதன் மேற்பரப்பைச் சித்திர வேலையென்று மயங்குவோர் பலர். உண்மையில் அக்கிளைகள், கடல்தரைச் சேற்றில் ஏதோ பிராணிகள் தோண்டிய வளைகள். வளைக்குள் நிரம்பிய பொருள் பிற்காலத்தில் மக்னீஸியம் ஏறி டோலமைட்டாக மாறியதால் நிறம் வேறுபட்டது. உடலே எஞ்சாத உயிர்கள் தம் நடமாட்டத்தை மட்டும் விட்டுச்சென்ற இந்தக் கல்லில் சங்கிலிப் பவளங்களும், கொம்புப் பவளங்களும், நேரான குழாய் வடிவமுள்ள தலைக்காலிகளும் கூடவே பதிந்துள்ளன.

ரோமாபுரியின் கொலோசியத்துக்குரிய டிராவர்டைன் மட்டும் கடலில் பிறக்காதது. டிவோலியின் வெந்நீர் ஊற்றுகளில் கரியமிலவாயு வெளியேற, நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு நாணலின்மீதும் இலையின்மீதும் பாசியின்மீதும் படிந்து இறுகியது அது. 1997-இல் லாஸ் ஏஞ்சலஸில் திறக்கப்பட்ட கெட்டி மையத்தின் சுவர்களில் டிவோலிப் பகுதியின் அதே கல் பிளந்த முகமாகவே பதிக்கப்பட்டிருப்பதால், இலைகளின் நரம்புகூட ஆங்காங்கே தெரிகிறது.

கிடந்த நிலையைச் சுவர் சொல்லுமா?

இனி நம் வினாவின் கடினமான பகுதிக்கு வருவோம். இண்டியானாக் கல்லிலும் போர்ட்லாந்துக் கல்லிலும் சாய்வான மெல்லிய கோடுகள் கூட்டங்கூட்டமாக ஓடுவதைக் காணலாம். நீரோட்டம் மணல்மேடுகளை முன்னே தள்ளிக்கொண்டு சென்றபோது மேட்டின் முன்சரிவில் படிந்த படலங்கள் அவை. குவாரியின் முகத்தில் இக்கோடுகளின் சாய்வை அளந்தால் பூர்வ நீரோட்டம் எத்திசையில் ஓடிற்று என்று கணக்கிடலாம். சுவரில் அளந்தாலோ கிடைப்பது கொத்தனார் கல்லைத் திருப்பிவைத்த திசையேயன்றி வேறில்லை. இண்டியானாக் கல் எப்பக்கமாக அறுத்தாலும் ஒரே சீராக அறுபடும் குணமுடையதாகையால், அதன் இயற்கைக் கிடப்பைக் கவனிக்கவேண்டிய அவசியமே கல்தச்சருக்கு ஏற்படவில்லை. கல்லின் சிறப்பே சாஸ்திரத்துக்கு நஷ்டமாயிற்று.

ஆயினும் திசை போனபின்னும் மேல்கீழ் போய்விடவில்லை. சாய்வுப் படலங்கள் அடியில் வளைந்து தரையோடு தழுவி முடியும். உச்சியிலோ அடுத்து வந்த ஓட்டம் அரித்ததனால் வெட்டுண்டதுபோல் சட்டென நிற்கும். ஆகவே ஒரு கல்லில் வெட்டுண்ட முனை கீழ்நோக்கியிருக்கக் கண்டால், அக்கல் தலைகீழாகப் பதிக்கப்பட்டிருக்கிறது என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். நீரோட்டம் புரட்டிய சிப்பியோடுகள் பெரும்பாலும் குழிந்த பக்கம் கீழாகவே அமரும் என்பது இன்னொரு குறிப்பு.

எல்லாவற்றிலும் நுட்பமானது ஸ்டாக்ஹோம் நகரத்துப் படிகளிலும் தளங்களிலும் காணும் சான்றாகும். பால்டிக் கடலின் ஊலாண்ட் தீவிலிருந்து வந்த செந்நிற, சாம்பல்நிறக் கற்களில் நேரான கூம்பு வடிவத் தலைக்காலிகளின் ஓடுகள் நீளவாக்கில் வெட்டுண்டு கிடக்கின்றன. ஓட்டின் உள்ளறையில் பாதியளவு சேறு நிரம்பி, மீதிப் பாதி வெற்றிடமாயிருந்து, பிற்காலத்தில் அவ்வெற்றிடத்தில் வெண்மையான கால்ஸைட் படிகம் வளர்ந்திருந்தால், சேற்றுக்கும் படிகத்துக்கும் இடையிலுள்ள கோடு அந்தக் கடல்தரையில் அன்று நிலவிய கிடைமட்டமாகும். சேறு இருந்த பக்கம் பூமி, படிகம் இருந்த பக்கம் ஆகாயம். கொத்தனார் எப்படித் திருப்பியிருந்தாலும் இந்த மட்டக்கோட்டை அவர் மாற்றமுடியாது.

கல்லின் பிற்காலத்து அனுபவங்களும் அதற்குள்ளேயே எழுதப்பட்டுள்ளன. ஜெர்மனியின் டிராய்க்ட்லிங்கன் பகுதியிலிருந்து ‘ஜுரா மார்பிள்’ என்ற வியாபாரப் பெயரில் வந்து பல தேசங்களின் கட்டடத் தளங்களாகியுள்ள சுண்ணாம்புக்கல்லில், ரம்பப் பல்லைப்போல் ஏறி இறங்கும் கருங்கோடுகளைக் காணலாம். மேலே படிந்த அடுக்குகளின் பாரத்தால் அழுத்தம் மிகுந்த இடங்களில் கல்லே கரைந்துபோக, கரையாத களிமண் மட்டும் எஞ்சித் திரண்டதன் தடயம் அது. அப்பற்களின் உயரத்தை அளந்தால், குறைந்தபட்சம் அவ்வளவு கனமான கல் அங்கே மறைந்துவிட்டது என்று அறியலாம். மறைந்த பொருளுக்கு அளவுகோல் கிடைப்பது அபூர்வம். வழவழப்பாக மெருகிட்ட தளத்தில் அது கிடைக்கும் தெளிவு கரடுமுரடான மலைமுகத்தில் கிடைப்பதில்லை.

ஆனால் எந்தச் சான்றையும் ஏற்குமுன் சில எச்சரிக்கைகள் அவசியம். டிராவர்டைனை அடுக்குக்குக் குறுக்கே அறுத்தால் பட்டைகளும், அடுக்கோடு அறுத்தால் மேகம்போன்ற திட்டுகளும் தோன்றும். ஒரே கல்லை இருவேறு கல்லென்று மயங்க இது இடம்தரும். மேலும், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு கற்கள் குவாரியில் அண்டை அயலாக இருந்தவை என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை. கட்டடம் பழுதுபார்க்கப்பட்டிருந்தால் அவை ஒரே ஊரைச் சேர்ந்தவையாகக்கூட இல்லாதிருக்கலாம். லண்டனில் இனிகோ ஜோன்ஸ் 1622-இல் முடித்த விருந்து மாளிகையின் முகப்பு 1829-இல் போர்ட்லாந்துக் கல்லால் புதுப்பிக்கப்பட்டது. இன்று நாம் காணும் முகத்தின் வயது கட்டடத்தின் வயதன்று.

சிதைவின் கணக்கு

மலைப்பாறை எப்போது வெளிக்காற்றுக்கு வந்தது என்று நாளிட்டுச் சொல்வது கடினம். கட்டடக் கல்லுக்கோ தொடக்க நாள் உண்டு. கொத்தனார் அதைச் செதுக்கி ஏற்றிய ஆண்டு கணக்கேடுகளில் இருக்கிறது. அன்று அதன் முகம் சமதளமாயிருந்தது. ஆகவே, மூல முகம் மாற்றப்படாத கட்டடம் ஒவ்வொன்றும் நூற்றாண்டுக் கணக்கில் இடையறாது நடந்துவரும் ஒரு ரசாயனப் பரிசோதனையாகும்.

புனித பவுல் பேராலயம் இதற்குப் பிரசித்தமான திருஷ்டாந்தம். மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரின் கற்களில் இருந்த துளைகளை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயம் வார்த்துக் கல்மட்டத்துக்குச் சமமாக அடைத்தார்கள். மழை ஈயத்தைத் தின்னவில்லை, கல்லைத் தின்றது. ஆகவே இன்று ஈயக்கட்டிகள் கல்லின்மேல் புடைத்து நிற்கின்றன. அவ்வுயரத்தை அளந்தவர்கள் நீண்டகாலச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் கல் கரைந்ததாகக் கணித்தார்கள். நுண்ணளவுக் கருவியால் பின்னர் நேரடியாக அளந்தபோது, 1980 முதல் 1990 வரை ஆண்டுக்கு 0.045 மில்லிமீட்டராக இருந்த கரைவு, அடுத்த பத்தாண்டில் 0.025 மில்லிமீட்டராகக் குறைந்தது. 1952 டிசம்பரின் கொடிய புகைமூட்டத்துக்குப்பின் 1956-இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டமும், நிலக்கரிப் புகை படிப்படியாக ஒழிந்ததும், ஆலயத்துக்கு எதிர்க்கரையிலிருந்த பாங்க்ஸைட் மின்நிலையம் 1981-இல் மூடப்பட்டதும் காற்றிலிருந்த கந்தக வாயுவைக் குறைத்தன. மனிதன் இயற்றிய சட்டத்தின் பலனைக் கல்லே அளந்துகாட்டியது என்று இதைக் கொள்வதில் பிழையில்லை.

அதே சுவரில் மழை படும் இடம் வெளுத்தும், மழை படாத ஒதுக்கிடம் கறுத்தும் இருப்பதைக் காண்போர், கறுப்பை வெறும் அழுக்கென்று எண்ணிவிடுகிறார்கள். கந்தக வாயு ஈரத்தோடு கூடிச் சுண்ணாம்பைத் தாக்க, கல்லின் மேற்பரப்பே ஜிப்சமாக மாறிவிடுகிறது. மழை படும் இடத்தில் அந்த ஜிப்சம் கரைந்து ஓடுகிறது. படாத இடத்தில் புகைக்கரியைச் சிறைப்படுத்திக்கொண்டு ஓடாக இறுகுகிறது. கழுவுண்ட முகத்தில் ஆளிச்சிப்பியின் ஓடுகள் மட்டும் விளிம்பு விளிம்பாகத் துருத்தி நிற்பதற்கு, அவற்றின் அடர்ந்த கால்ஸைட் சூழ்ந்துள்ள உருண்டைகளைவிட மெதுவாகக் கரைவதே காரணம்.

இதற்கு மறுபுறமாக நிற்பது வெஸ்ட்மின்ஸ்டர் பார்லிமெண்ட் மாளிகையின் கதை. 1834-இல் எரிந்துபோன பழைய மாளிகைக்குப் பதில் புதியது எழுப்பக் கல் தேடும் குழுவில், கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரியோடு, பூகர்ப்ப ஆய்வுத் தலைவர் ஹென்றி டி லா பீச்சும், 1815-இல் இங்கிலாந்தின் அடுக்குப்படம் வரைந்து புகழ்பெற்ற வில்லியம் ஸ்மித்தும் இருந்தார்கள். 1839-இல் அவர்கள் அளித்த அறிக்கையின் விளைவாக மக்னீஸியச் சுண்ணாம்புக்கல் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதலில் கருதிய போல்ஸோவரில் போதிய அளவு பெருங்கற்கள் கிடைக்காமல் ஆன்ஸ்டன் குவாரியிலிருந்து கல் வந்தது. சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அது உதிரத் தொடங்கியது. கந்தக அமிலம் பட்ட மக்னீஸியக் கல்லில் ஜிப்சத்தோடு மக்னீஸியம் சல்பேட்டும் உண்டாகி, அது எளிதில் கரைந்து நுண்துளைகளுக்குள் ஊறி, உலரும்போது படிகமாகி உள்ளிருந்தே கல்லை உடைத்தது. கல்லைப் பொறுக்கி எடுப்பதில் மேற்பார்வை போதாமையும் சேர்ந்துகொள்ள, 1930களில் கிளிப்ஷாம் என்னும் ஜுராசிக் சுண்ணாம்புக்கல்லால் சுவர்களைப் புதுப்பிக்கவேண்டியதாயிற்று. தேசத்தின் மிகச் சிறந்த அறிஞர் குவாரிகளையும் பழைய ஆலயங்களையும் நேரில் பார்த்துத் தேர்ந்த கல்லே தோற்றது. கிராமக் காற்றில் நூற்றாண்டுகள் நின்ற கல் லண்டன் காற்றில் நிற்கும் என்று கொண்ட அனுமானம் தவறியது. சுவரின் சாட்சியம் அந்தச் சுவர் நிற்கும் காற்றுக்கு மட்டுமே உரியது என்னும் நியதியை இதைவிட அழுத்தமாகக் கூறும் நிகழ்ச்சி வேறில்லை.

நம் நாட்டில்

தமிழ்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவையாதலின், இவ்வாராய்ச்சிக்கு இங்கே இடமில்லையென்று எண்ணலாகாது. அடுப்பங்கரை மேடையிலும் அலமாரித் தட்டிலும் தலைமுறை தலைமுறையாக நாம் பதித்துவந்த கடப்பைக் கல் ஒரு சுண்ணாம்புக்கல். சிப்பியும் நத்தையும் உலகில் தோன்றுவதற்கு முற்பட்ட காலத்தில் படிந்ததாகையால் அதில் புதைபடிவத்தைத் தேடிப் பயனில்லை. விளிம்பில் காணும் மெல்லிய படலங்களே அதன் சரித்திரம். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் சிந்திய இடத்தில் அதன் பளபளப்பு மங்கிப்போவதை இல்லத்தரசிகள் அறிவர். லண்டன் ஆலயத்தில் அமில மழை செய்ததும் இந்த வகை ரசாயனமே.

அரியலூர், பெரம்பலூர்ப் பிரதேசமோ கிரிட்டேஷியஸ் யுகத்துக் கடலின் தரை. 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பிளான்ஃபோர்ட் அதன் அடுக்குகளை ஆராய்ந்தார். அங்குக் கிடைத்த புதைபடிவங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா விரிவாக விவரித்தார். கருடமங்கலத்தின் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல் மெருகிடப்பட்டு ‘திருச்சினாப்பள்ளி மார்பிள்’ என்ற பெயரில் அலங்காரக் கல்லாக வழங்கியதுண்டு. ஆயினும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி இன்று சிமெண்ட் ஆலைகளின் சூளைக்கே போகிறது. கல்லாக அறுத்துப் பதித்தால் எஞ்சியிருக்கும் சாட்சியம், சுட்டுப் பொடியாக்கிக் கான்கிரீட்டில் கலந்தால் அடியோடு அழிந்துவிடுகிறது. ஐரோப்பிய நகரம் தன் கடலைச் சுவரில் வைத்திருக்க, நம் நகரம் தன் கடலைச் சூளையில் எரித்துக் கட்டடமாக்கிக்கொண்டது.

முடிபு

இதுகாறும் கண்டவற்றால் துணியத்தக்கது இதுவாகும். துகள், ஓடு, வார்ப்பு, மட்டக்கோடு, அழுத்தக்கோடு முதலியவை கல்லோடு பிறந்து கல்லோடு பயணம் செய்பவை. அவற்றில் சுவர் மலைக்குக் குறைந்ததன்று, அறுத்து மெருகிட்ட தெளிவினால் சிலபோது மேலானதுமாம். அடுக்குமுறையும் நீரோட்டத் திசையும் இடத்தோடு பிறந்து இடத்தோடு நின்றுவிடுபவை. அவற்றைச் சுவரில் தேடுவது வீண். சிதைவின் வேகமோ, கட்டடத்தின் தேதியும் கல்லின் பிறப்பிடமும் ஒருங்கே தெரிந்த இடத்தில் மட்டும் அளக்கத்தக்கது.

இம்மூன்றாவது பயனை நாம் பெருக்கிக்கொள்ள வழி நம் கையிலேயே இருக்கிறது. ஒரு கட்டடம் எழும்போதும் பழுதுபார்க்கப்படும்போதும், கல்லின் வியாபாரப் பெயரோடு நின்றுவிடாமல், எந்தக் குவாரி, எந்த அடுக்கு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் மேலாக வைக்கப்பட்டது என்னும் நான்கு விவரங்களையும் கணக்கேட்டில் எழுதிவைப்பதற்கு ஒரு பக்கம் போதும். வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கல் தேர்ந்த அறிஞர்களுக்கு, நகரத்துப் புகையில் மக்னீஸியக் கல் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல அளந்துவைத்த சுவர் ஒன்று இருந்ததில்லை. இனி வருகிறவர்களுக்கு அந்தக் குறை நேராதபடி செய்வது கொத்தனாரும் பூகர்ப்ப சாஸ்திரியும் கூடிச் செய்யவேண்டிய காரியம்.